போலீஸ் அம்மா பேச வந்த சனிக்கிழமை

வடபாதி நகர் மூத்தோர் மன்றத்தில் மொத்தம் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்பார்கள். கேட்டதை அப்படியே செய்தும்விடுவார்கள். தொல்லையெல்லாம் அந்த இரண்டாவதில்தான்.

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நகர் சமுதாயக் கூடத்தில் கூடுவார்கள். மாதத்துக்கு ஒரு தரம் வெளியிலிருந்து யாராவது வந்து பேசுவார். மற்ற ஊர்களில் பேச்சு முடிந்தால் என்ன செய்வார்கள்? சால்வை போர்த்தி, ஆளுக்கொரு போண்டாவைத் தின்றுவிட்டு, கேட்டதையெல்லாம் வாசலிலேயே உதறிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அந்தக் கதையே இல்லை. பேச்சாளர் ஓர் அறிவுரை சொன்னால், சொன்ன சூட்டோடு அதைத் தீர்மானமாக எழுதி, கைதூக்கி நிறைவேற்றி, அந்த நிமிஷத்திலிருந்து அதன்படி நடப்பார்கள். தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டுமானால் அதைச் சொன்னவரே நேரில் வந்து செய்ய வேண்டும் என்று விதி. போனவர் எவரும் அந்தத் தெருப் பக்கம் திரும்பித் தலைவைத்துப் படுத்ததில்லை. அதனால் ஒரு தீர்மானமும் ரத்தானதில்லை.

இந்த விதியை எழுதியவர் செயலாளர் பூவராகன். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அவரோடு பேசுவது குக்கர் ஒன்றுதான், அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். சனிக்கிழமை வந்தால்தான் "செயலாளர் ஐயா" என்று அவரைக் கூப்பிட ஆள் உண்டு. அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

விஷயம் இதுதான். கடைசியாக வந்த மூன்று பேச்சாளர்களும் பாதிப் பேச்சிலேயே கிளம்பிவிட்டார்கள்.

முதலில் வந்தவர் ஒரு டாக்டர். "தலைசுற்றல் வராம இருக்கணும்னா, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்போதெல்லாம் ரெண்டு வாய் தண்ணி குடிங்க" என்றார். தீர்மானம் போட எல்லாரும் எழுந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போக வேண்டுமென்றால் எழ வேண்டும். எழுந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணியில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தபோது பதினெட்டு நாற்காலியும் காலி, பாத்ரூம் வாசலில் பதினெட்டுப் பேரும் சொம்போடு வரிசையில் நின்றார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அடுத்தவர் பிசியோதெரபிக்காரர், ஆள் கட்டுமஸ்தானவர். "எழும்போது ஆடாத அசையாத ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்" என்று சொன்னார். கூடத்தில் இருப்பவை எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள், தொட்டாலே ஆடும். ஆடாமல் அசையாமல் நின்றவர் அவர் ஒருத்தர்தான். பதினெட்டுப் பேரும் அவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சட்டையின் ஒரு கையை மன்றத்திலேயே விட்டுவிட்டுப் போனார் மனிதர்.

மூன்றாமவர் சிரிப்புப் பயிற்சியாளர். "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், எந்தக் காரணமும் இல்லாம, ஒரு நிமிஷம் வாய்விட்டுச் சிரிக்கணும். காரணத்தோட சிரிச்சா பலன் இல்லை" என்றார். மன்றத் தலைவர் அங்கப்பன் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அவர் கையில் மணி வந்தது. பயிற்சியாளர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போய், தன் கல்யாணம் முறிந்த கதைக்கு வந்தார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, கதவு பூட்டியிருக்கு..." என்று குரல் தழுதழுத்தபோது அங்கப்பன் மணி அடித்தார்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட நகர் நலச் சங்கத் தலைவர் கோவர்த்தனன் ஒரு முடிவுக்கு வந்தார். கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஆறு மாசமாக அந்தக் கூடத்தைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதோ பாருங்க பூவராகன் சார்" என்றார். "அடுத்து வர்றவர் பேச்சை முழுசா முடிச்சு, உங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். போட்டா கூடம் என்னைக்கும் உங்களுக்குத்தான், சாவியையே கொடுத்துடறேன். இல்லைன்னா திங்கக்கிழமை டென்னிஸ் மேசை வந்து இறங்கிடும்."

பூவராகனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சனிக்கிழமையும் போய்விட்டால் வாரம் ஏழு நாளும் ஒரே நாள்தான், அது எந்த நாள் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. யோசித்து யோசித்து, எளிதில் ஓடாத ஒருவரைப் பிடித்தார். உதவி ஆய்வாளர் திலகவதி. பன்னிரண்டு வருஷம் தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் நின்றவர். மோசடிக்காரர்களிடமிருந்து பெரியவர்கள் தப்பிப்பது எப்படி என்று பேச ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை திலகவதி உள்ளே வந்ததும் மரியாதைக்கு எல்லாரும் எழுந்தார்கள். முந்தைய அனுபவத்தில் பூவராகன் முன்னேற்பாடு செய்திருந்தார். முதல் ஆள் தூணைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது ஆள் முதல் ஆளைப் பிடிக்க, இப்படியே பதினெட்டாவது வரைக்கும் போயிற்று. ஒரு கையில் பிடி, மறுகையில் சொம்பு. குடித்துவிட்டு மொத்தமாக உட்கார்ந்தார்கள். திலகவதி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பெரியவங்களா பார்த்துத்தான் ஏமாத்தறாங்க" என்று தொடங்கினார். "போன மாசம் எண்பது வயசு அம்மா ஒருத்தங்க. போலீஸ்னு சொல்லி ரெண்டு பேர் வந்து, கையில கிடந்த வளையலைக் கழட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்க. பாவம், அந்தம்மா வாசல்லயே உட்கார்ந்து அழுதுகிட்டு..."

அங்கப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்தார். பதினெட்டுப் பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பூவராகனும் சிரித்தார். விதி விதிதானே. ஆனால் சிரிக்கச் சிரிக்க அவர் கண் திலகவதியின் கால்களிலேயே இருந்தது. அந்தக் கால் வாசல் பக்கம் திரும்பினால் எல்லாம் முடிந்தது. கால் நகரவில்லை. ஒரு நிமிஷம் ஆனதும் சிரிப்பு நின்றது. திலகவதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தார். தேர் வடம் அறுந்த கூட்டத்தையே பார்த்தவருக்கு இது எம்மாத்திரம்.

அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஏழு தடவை மணி அடித்தது. ஏழு தடவையும் அவர் நின்று, காத்திருந்து, தொடர்ந்தார். ரிட்டயர்டு டீச்சர் சௌந்தரவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் தீர்மானங்களை எழுதிக்கொண்டே வந்தார்.

"நல்ல சேதி சொல்லிக்கிட்டு வந்து யாராவது எதையாவது கையில கொடுத்தா வாங்காதீங்க. தேனாப் பேசுவாங்க" என்றார் திலகவதி.

கைகள் உயர்ந்தன. நிறைவேறியது.

"மிரட்டினா பதறி அடிச்சுக்கிட்டு எழுந்திருக்காதீங்க. உட்கார்ந்த இடத்துலயே ஆடாம உட்காருங்க. முழுசா ஒருநாள் போகட்டும். அப்புறம் முடிவு பண்ணுங்க."

நிறைவேறியது.

"சந்தேகம் வந்துட்டா மனசுல வச்சுக்காதீங்க. எழுதி போலீஸ்ல கொடுத்துடுங்க."

அதுவும் நிறைவேறியது. பூவராகன் பேனா மூடியைக் கழற்றினார். பேச்சு முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டதே.

"கடைசியா ஒண்ணு" என்றார் திலகவதி. "போலீஸ்னு சொல்லிக்கிட்டு யாரு வந்தாலும் நம்பிடாதீங்க. காக்கி உடுப்பு யாரு வேணாலும் தைச்சுக்கலாம். கார்டு யாரு வேணாலும் அச்சடிச்சுக்கலாம். நன்றி, வணக்கம்."

ஏகமனதாக நிறைவேறியது. பலத்த கைதட்டல்.

"எங்கய்யா கையெழுத்துப் போடணும்?" என்று திலகவதி கை நீட்டினார்.

பூவராகன் பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கொடுக்கப் போனார். பாதி வழியில் அவர் கை நின்றுவிட்டது. நாலு வருஷத்தில் அவர் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆனாலும் கை நின்றுவிட்டது.

"மேடம்" என்றார் மெதுவாக. "நீங்க யாரு?"

"என்னய்யா இது? நான்தான் திலகவதி, சப் இன்ஸ்பெக்டர்."

பதினெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் சௌந்தரவல்லி டீச்சர்.

"உடுப்பு காக்கிதான்" என்றார் அங்கப்பன். "அதான் இடிக்குது."

திலகவதி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். டீச்சர் அதை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்து, "அச்சடிச்சிருக்கு" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ இவ்வளவு நேரம் பேசினது யாரு?"

"அதான் எங்களுக்கும் தெரியலை மேடம்" என்றார் அங்கப்பன். "ஆனா நல்லாப் பேசினீங்க. தேன் மாதிரி இருந்தது."

தேன் என்றதும் டீச்சர் பழைய தீர்மானத்தைப் புரட்டிப் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பூவராகனுக்கு அழுகையே வந்துவிட்டது. கையெழுத்து வேண்டும், ஆனால் நம்பக் கூடாது. தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர் இப்படிப்பட்ட முடிச்சு எத்தனையோ பார்த்திருக்கிறார். கண்ணை மூடி யோசித்தார்.

"சந்தேகம் வந்தா எழுதி போலீஸ்ல கொடுக்கணும்னு மூணாவது தீர்மானம் இருக்கே" என்றார்.

"ஸ்டேஷன் ரெண்டு மைல் ஆச்சே" என்றார் டீச்சர்.

"அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றார் அங்கப்பன். "இங்கயே ஒரு போலீஸ் இருக்காங்களே."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. வேறு தாள் இல்லாததால் பூவராகன் பதிவேட்டிலேயே எழுதினார்: 'இன்று மன்றத்தில் பேசிய அம்மையார் உண்மையில் போலீஸ்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. தயவுகூர்ந்து விசாரிக்க வேண்டுகிறோம்.' இரண்டு கையாலும் பதிவேட்டைத் திலகவதியிடம் பணிவாக நீட்டினார்.

திலகவதி படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு அடியில் எழுதினார்: 'புகார் கிடைத்தது. விசாரித்தேன். நான்தான்.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து கோவர்த்தனன் உள்ளே வந்தார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். புகாரையும் பதிலையும் படித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்து என்னவோ கையெழுத்துதான். சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை அவர்.

"சரி பூவராகன் சார், ஜெயிச்சுட்டீங்க" என்று சிரித்தார். "கூடம் இனி உங்களுக்குத்தான். இந்தாங்க சாவி."

பூவராகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"நல்ல சேதி சொல்றீங்க சார்" என்றார். "கையிலயும் கொடுக்கறீங்க. எப்படி வாங்கறது?"

கோவர்த்தனன் டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அங்கப்பன் மணியை மார்போடு அணைத்துக்கொண்டார். கூடம் முழுக்க ஒரு சுற்று வந்தும் சாவியை வாங்க ஒரு கையும் கிடைக்கவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்போ கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் இப்பவே எழுந்து வெளியே போங்க. இல்லைன்னா நடக்கறதே வேற."

பதினெட்டுப் பேரும் நாற்காலியில் அழுந்தி உட்கார்ந்துகொண்டார்கள்.

"மிரட்டறார்" என்றார் அங்கப்பன். "மணி பதினொண்ணு நாற்பது. குறிச்சுக்குங்க டீச்சர். நாளைக்குப் பதினொண்ணு நாற்பது வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

பாத்ரூமுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு துணைத் தீர்மானம் போட்டார்கள்.

கோவர்த்தனன் திலகவதியைப் பார்த்தார். "மேடம், பார்த்துக்கிட்டே நிக்கறீங்களே. நீங்க போலீஸ்தானே, இவங்களை வெளியே அனுப்புங்க."

"நான் போலீஸ்னு இவங்க நம்பலையே சார்" என்றார் திலகவதி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரமாக நின்ற கால்.

கோவர்த்தனன் எதையோ சொல்ல வாயெடுத்தார், சொன்னால் தீர்மானமாகிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை டென்னிஸ் மேசை வேறு எங்கோ போய் இறங்கியது.

பூவராகன் சாவியைப் பார்த்தார். கையில் கொடுத்தால்தான் வாங்கக் கூடாது. மேசைமேல் இருப்பதைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லை. மனசுக்குள் இரண்டு தரம் சரிபார்த்தார், இல்லவே இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்தால் சாவி அவருடையது, சனிக்கிழமை அவருடையது. இப்போது அசையக் கூடாது, நாளைக்குப் பதினொன்று நாற்பதுக்கு எடுத்துக்கொண்டால் போயிற்று.

அங்கப்பன் மணி அடித்தார். பதினெட்டுப் பேரும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் சிரித்தார்கள். பதினேழு பேர் விதிப்படி எந்தக் காரணமும் இல்லாமல் சிரித்தார்கள். பூவராகன் மட்டும் சாவியைப் பார்த்துக்கொண்டே, தன்னை மறந்து, காரணத்தோடு சிரித்துவிட்டார். மறுநாள் சாவியை எடுத்த கையோடு அதற்காக அவரே தன்மேல் ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். அது பதினெட்டுக்குப் பதினெட்டு ஓட்டில் நிறைவேறியது.