கிளம்பிய நேரம்

கடையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் குருவுக்கு வயது நாற்பதுதான். பெயர் பூரணவல்லி. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரைத் "தாயே" என்பார்கள். அவர் அவர்களை "அண்ணே", "அக்கா" என்பார். யாருக்கும் அதில் கூச்சம் இல்லை.

மடத்தில் இரண்டே வழக்கம். மதியம் இரண்டு மணிக்கு, விளிம்பு தளும்பத் தண்ணீர் நிறைத்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடாமல் உட்கார வேண்டும். சாயங்காலம் ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். "எல்லாத்துக்கும் நன்றி" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னதுக்கு என்று சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் தை பிறந்ததும் தெய்வசிகாமணி மடத்துக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கை.

தை பிறந்தால் அவருக்குத் தலைவலியும் பிறந்துவிடும். பதினோரு வருஷமாக அப்படித்தான். எட்டு வாரம், தினமும், மதியம் இரண்டு பத்துக்கு. பழுக்கக் காய்ச்சிய கம்பியை வலது கண்ணுக்குப் பின்னால் செருகித் திருகுவது போல இருக்கும். அந்தக் கண் மட்டும் சிவக்கும், அது மட்டும் அழும். அந்தப் பக்க மூக்கு மட்டும் ஒழுகும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் முட்ட வேண்டும். மற்ற பத்து மாதம் அது இருக்கிற இடமே தெரியாது.

பல் டாக்டர், கண் டாக்டர், மூக்கு டாக்டர் என்று அலைந்து, இரண்டு கடைவாய்ப் பல்லைக் காவு கொடுத்த பிறகுதான் ஒரு டாக்டரம்மா அதற்குப் பெயர் சொன்னார். கொத்துத் தலைவலி. வலி தொடங்கியதும் முகமூடி வைத்து இழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டரும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சிலிண்டரைத்தான் மனிதர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மடத்துக்குப் போறவன் சிலிண்டரைத் தூக்கிட்டா போவான்? அங்க போயி இதைத் தாங்கப் பழகிக்கிடுதேன்" என்று மனைவி கோமுவிடம் சொல்லியிருந்தார். கோமு பையில் ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள்.

முதல் நாள் இரண்டு பத்துக்குக் கிண்ணம் உருண்டது. தெய்வசிகாமணி எழுந்து மாந்தோப்புக்கு ஓடினார். தலையில் குத்திக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தார்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் அதைப் பார்த்துவிட்டது.

"ஒத்தைக் கண்ணுல மட்டும் கண்ணீர் வருது, பாத்தியளா?"

"வலது கண்ணுலா அது! அர்த்தநாரி அருளு. சிவன் பாதி உருகுது."

"அம்பாள் பாதி?"

"அது சும்மா பாத்துக்கிட்டு இருக்கு."

மூன்றாம் நாள் மாலையோடு வந்தார்கள். ஐந்தாம் நாள் வேன் வைத்து வந்தார்கள். "சரியா ரெண்டு பத்துக்கு இறங்குதாம்" என்று நேரம் விசாரித்துக்கொண்டு, தோப்பில் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார்கள்.

சாயங்காலம் நன்றி சொல்லும் முறை வந்தபோது தெய்வசிகாமணி தினமும் ஒன்றையே சொன்னார்.

"மோர் நல்லாருந்துச்சு. அதுக்கு நன்றி."

ஐந்தாம் நாள் குரு மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு மோர் ஊத்தலையே, அண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார். ஆனால் ஆறாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார். குரு முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"தாயே, நான் ஊருக்குப் போறேன்."

"ஏன், அண்ணே?"

"கிண்ணத்தைப் பிடிக்க முடியல. வலியத் தாங்கவும் முடியல. வர்ற சனம் என்னைச் சாமியாக்கப் பாக்கு. நன்றி சொல்லுன்னா மோரைச் சொல்லுதேன். அந்த மோரும் பொய்யாப் போச்சு."

முறம் நிற்கவில்லை.

"வலிக்கு நோட்டு வச்சிருக்கியளா?"

"டாக்டரம்மா எழுதச் சொன்ன நாள்லருந்து, ஏழு வருசமா எழுதுதேன். வலி வந்த ஒரு நாளக்கூட விட்டது கிடையாது."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினார். குரு முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் புரட்டினார். 2.10. 2.10. 2.12. 2.10. பஸ் ஸ்டாண்டுக் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

"இது வந்த நேரம்."

"ஆமா, தாயே."

"கிளம்புன நேரம்?"

தெய்வசிகாமணி நோட்டை வாங்கிப் பார்த்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ஏழு வருஷத்தில் ஒரு பக்கத்தில்கூட அது இல்லை.

"வந்த பஸ்ஸை எழுதிட்டு, கிளம்புனதை எழுதாம விட்டா என்ன செய்வாங்க?" என்று குரு கேட்டார்.

"மெமோ கொடுப்பாங்க. ஏட்டுப்படி வண்டி ஸ்டாண்டுலயே நிக்குதுன்னுலா ஆயிரும்."

சொல்லிவிட்டு அவரே நோட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

குரு பயற்றிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

"எத்தனை மணிக்குத்தான் கிளம்பும், அண்ணே?"

"தெரியலையே, தாயே."

"யாருக்குத் தெரியும்?"

தெய்வசிகாமணி பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

முதல் மணியிலேயே கோமு எடுத்தாள்.

"என்ன, காலையிலயே வலி வந்துட்டா?"

"இல்ல, இல்ல. கோமு, என் வலி எத்தனை மணிக்கு விடும்?"

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மா சொல்லு."

"சிலிண்டர் இழுத்தியன்னா ரெண்டரைக்குள்ள விட்டுரும். இழுக்காட்டா மூணே கால், மூணரை ஆவும். விட்டதும் காப்பி கேப்பிய. அதுக்குத்தான் பால் அடுப்புலயே இருக்கும். நீங்க காப்பி கேட்ட பொறவு நான் சோறு திம்பேன்."

"பதினோரு வருசமாவா?"

"பின்ன? நீங்க சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கையில எனக்குச் சோறு எறங்குமாக்கும்?" கோமுவின் குரல் கொஞ்சம் தணிந்தது. "இந்த வருசம்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. விட்டுச்சா, விடலையான்னு பொழுது சாயுற வரைக்கும் பாலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு போன் போடக் கூடாதா, பெரிய மனுசரு?"

தெய்வசிகாமணிக்கு இந்தத் தடவை இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"ஏங்க? லைன்ல இருக்கியளா?"

"கோமு," என்றார். "அந்தச் சிலிண்டரை எடுத்துக்கிட்டு வாரியா?"

மறுநாள் மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சாக்குச் சுற்றிய சிலிண்டரைக் கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவது போலப் பதனமாக இறக்கினாள் கோமு. மாமரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டாள். அதற்குள் தூத்துக்குடிக்காரர்கள் தட்டோடு சூழ்ந்துகொண்டார்கள். மணி இரண்டு பத்து.

"ஏ தாயி, கற்பூரத்தை அணை!" என்று தட்டு வைத்திருந்தவளைப் பார்த்துக் கோமு போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. "ஆக்ஸிஜன் பக்கத்துல நெருப்பக் கொண்டாந்தா சாமியும் மிஞ்சாது, மடமும் மிஞ்சாது!"

"அருள் இறங்குத நேரம், அம்மா..."

"அருளுமில்ல, ஒண்ணுமில்ல. தலைவலி. பதினோரு வருசமா நான் பாக்காத அருளா?"

கூட்டம் குருவைப் பார்த்தது. குரு தட்டை வாங்கிக்கொண்டுபோய்த் தோப்புக்கு வெளியே வைத்து அணைத்துவிட்டு வந்தார். தெய்வசிகாமணியின் மடிக்கென்று நிறைத்து வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரை மாமரத்தின் தூரில் ஊற்றினார்.

தெய்வசிகாமணி முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து இழுத்தார். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. யாரும் அவரை ஆடாதே என்று சொல்லவில்லை. கோமுவின் ஒரு கை சிலிண்டரின் திருகில் இருந்தது. கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. கம்பி திருகியது. இன்னொரு தடவை திருகியது. பிறகு, யாருடைய கையோ ஓய்ந்து போனது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

முழங்கால்கள் நின்றன. அவர் முகமூடியை எடுத்தார்.

"கோமு, காப்பி."

"ரெண்டு இருபத்தாறு" என்றாள் கோமு. மடத்து அடுக்களைக்கு ஓட்டமாக ஓடினாள்.

அவர் பேனாவைத் தேடி எடுத்து, நோட்டில் 2.10-க்குப் பக்கத்தில் 2.26 என்று எழுதினார். கோமு காப்பியைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சோறு தின்றாள். தெய்வசிகாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷத்தில் அதை அவர் பார்த்ததில்லை.

சாயங்காலம் முறை வந்தது.

"ரெண்டு இருபத்தாறுக்கு நன்றி" என்றார் தெய்வசிகாமணி.

தூத்துக்குடிக்காரர் ஒருவர், "அப்படின்னா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். கோமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் தெய்வசிகாமணி எழுந்திருக்கவில்லை. எதிரில் குரு அவருடைய நோட்டை மடியில் விரித்து, அடிக்கோல் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"தாயே," என்றார். "நாளைக்கும் வருமே?"

"வரும், அண்ணே" என்றார் குரு. "நாளைப் பக்கத்துக்கும் ரெண்டு கட்டமாவே கோடு போட்டு வச்சிருக்கேன்."