நாலாவது பாதை

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. வண்டி நிற்கிற இடத்திலிருந்து நானூறு அடி. நடக்கிறவனுக்கு ஒரு பீடி இழுக்கிற நேரம். சக்கர நாற்காலிக்காரனுக்கு அது வேறு தேசம்.

அந்த நானூறு அடியைத்தான் தையல்நாயகி டீச்சர் கையில் எடுத்திருந்தார். நாற்பத்திரண்டு வயது. பள்ளியில் தாவரவியல் நடத்தியவர். ஒரு விபத்துக்குப் பிறகு நாற்காலி. நடக்க முடியாதவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போக ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்.

டீச்சருக்கு வாய்த்த ஒரே சிஷ்யர் பூவலிங்கம். அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற ஓவர்சியர், முன்கோபி. இரண்டு பேரும் சந்தித்தது ஒரு மலைக் கோயிலின் படிக்கட்டு அடியில். ஊரே மேலே ஏறிக்கொண்டிருக்க, டீச்சர் கீழே கடலை தின்றுகொண்டிருந்தார்.

"கோபம் வரலையா?" என்றார் பூவலிங்கம்.

"வந்துச்சு. கடலை ருசியா இருக்கு."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்தான்.

காட்டுக்குள் சிமெண்டு கூடாது என்பது விதி. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும்தான். மூன்று வருடம் மூன்று பாதை போட்டார் பூவலிங்கம். மூன்றையும் மழை வழித்துக்கொண்டு போனது. இது நாலாவது. வருகிற வெள்ளிக்கிழமை வனத்துறை ரேஞ்சர் பார்க்க வருகிறார். சரியாக இருந்தால் அனுமதி. இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அதை அவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

பூவலிங்கம் பாதையின் குறுக்கே கயிறு கட்டினார். 'யாரும் வரக்கூடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று வேன் வந்து நின்றது. ஒன்பது நாற்காலி இறங்கியது. பத்தாவதாக டீச்சர்.

"கயிறை அவுருங்க, ஓவர்சியர்."

"பாதை இன்னும் இறுகலை டீச்சர். இத்தனை சக்கரம் ஏறினா பாழாயிரும்."

"ஆளை விடாமலே மூணு தடவை பாழாச்சு. ஒரு தடவை விட்டுப் பாழாகட்டும்."

பூவலிங்கம் அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை என்று கொஞ்ச நேரம் பாசாங்கு செய்துவிட்டுத்தான் அவிழ்த்தார்.

சக்கரம் புதைந்தது. டிரைவர்கள் தள்ளினார்கள். தையல்கடை மைதீன் முன்னால் போனான். பின்னால் செல்வக்கனி, முறுக்குச் சுற்றி விற்கிறவள்.

"அண்ணாச்சி, ரோடா போட்டிருக்கீரு? அல்வாவுல்ல கிண்டி வச்சிருக்கீரு."

"ஓரமாப் போகாதே. ஓரம் பச்சை மண்ணு."

"நடுவிலேயும் பச்சைதான். அந்தா பாரும், மைதீன் நட்டு வச்ச மாதிரி நிக்கான்."

ஒவ்வொரு தடமும் பூவலிங்கத்தின் நெஞ்சில் விழுந்தது. எண்ணிக்கொண்டே பின்னால் போனார். ஓடை வந்ததும் எண்ணிக்கை நின்றுவிட்டது.

தண்ணீர் மட்டும் பேசியது. பிறகு மைதீனை இரண்டு பேர் தூக்கி ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். காலில் அவனுக்கு உணர்ச்சி கிடையாது. குனிந்து முகத்தை அப்படியே தண்ணீருக்குள் விட்டான். மூக்கில் ஏறி, இருமி, சிரித்து, மறுபடியும் விட்டான். செல்வக்கனி கையை நீட்டி வைத்துக்கொண்டு மீன் கடிக்கிறது, மீன் கடிக்கிறது என்று எல்லாரையும் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீரு ஏன் கரையிலேயே நிக்கீரு?"

"பழக்கமில்லை."

"நாலு வருஷமா இங்கனதானே கிடக்கீரு?"

"பாதையில கிடந்தேன்."

வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். ஜில்லென்று இருந்தது. ஒரு பொடிமீன் வந்து பெருவிரலைக் கடித்தது. இதுவரைக்கும் அவருக்கு அது தெரியாது.

புதன்கிழமை மழை அடித்தது.

வியாழன் காலையில் போய்ப் பார்த்தார். கீழ்த் திருப்பத்தில் பன்னிரண்டு அடியைக் காணோம். டீச்சருக்குப் போன் போட்டார்.

"போயிருச்சு."

"சரி."

"நான் விலகிக்கிறேன். வேற ஆளைப் பாருங்க. இன்னும் எத்தனை தடவைதான் போடுறது?"

"வேன்காரங்ககிட்ட சொல்றேன்," என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

ஒன்பதரைக்கு மூன்று வேனும் வந்தன. முறுக்குத் தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி செல்வக்கனி முதலில் இறங்கினாள், டீச்சர் கடைசியில்.

"எங்க அண்ணாச்சி பிஞ்சிருக்கு? கல்லு எங்க கிடக்கு?"

மீதிப் பாதையில் ஒன்பது நாற்காலியும் வரிசையாக நின்றது. மேலே டிரைவர்கள் கல்லைப் புரட்டிக் கொடுத்தார்கள். ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்கு மாறி மாறி, கடைசியில் பூவலிங்கத்தின் கைக்கு வந்தது. அவர் வசைபாடிக்கொண்டே அடுக்கினார். சின்னக் கல் வந்தால் மைதீனுக்கு வசவு. பெரிய கல் வந்தால் எல்லாருக்கும்.

வெள்ளிக்கிழமை ரேஞ்சர் வந்தபோதும் வேலை முடியவில்லை. ஐந்தடி பாக்கி. சட்டை, சேலை, சக்கரம் எல்லாம் ஒரே நிறம்.

"முடியலையே?" என்றார் ரேஞ்சர்.

பூவலிங்கம் அடுத்த கல்லை அடுக்கினார்.

"சாயங்காலம் முடிஞ்சிரும் சார்," என்று செல்வக்கனி ஒரு கல்லை அவரிடம் நீட்டினாள். "சும்மாதானே நிக்கீங்க, அங்கிட்டுக் குடுங்க."

ரேஞ்சர் வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. இருபது கல்லாவது கடத்தியிருப்பார். சாயங்காலம் பாதை முழுக்க நடந்து பார்த்தார்.

"மழையில மறுபடியும் பிஞ்சிருமே. யார் பார்த்துக்குவா?"

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரேஞ்சர் ஜீப்பின் மேல் அனுமதித் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் ஓடைக்குப் போனார்கள், சேறு கழுவ. பூவலிங்கம் டீச்சரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். இருந்தாலும் அவர் மனசு கீழ்த் திருப்பத்திலேயே நின்றது.

"அடுத்த மழைக்கும் போயிருமே, டீச்சர்."

டீச்சர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதை போகும், ஓவர்சியர். ஓடை எங்கே போயிரப் போகுது? தள்ளுங்க."