வால் முளைத்த நட்சத்திரம்

முன்னொரு காலத்தில் வெண்குன்றை நாட்டை இரணகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். நாட்டைக் கவனித்துக்கொண்டவர் அமைச்சர் மழவராயர். ராஜாவுக்கு இருந்த ஒரே வேலை, தை மாதப் பனியில் பொழுது சாய்ந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உப்பரிகையில் ஏறி நட்சத்திரம் பார்ப்பது.

அமைச்சரைக் கண்டாலே அரண்மனைச் சோதிடர் பஞ்சநதிக்கு வயிறு எரியும். ஒருநாள் மாலை அவர் வானத்தைக் காட்டி, "கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே புதிதாக ஒரு நட்சத்திரம் உதித்திருக்கிறது, அரசே. தங்கள் புகழ்தான் அப்படி ஒளிவிடுகிறது. ராஜவிசுவாசம் உள்ள கண்ணுக்கு மட்டுமே தெரியும்" என்றார்.

ராஜா கண்ணை இடுக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "ஆகா, தெரிகிறது" என்றார். உடனே சபையில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. கண்ணில் பூ விழுந்த கிழத் தளபதிக்குக்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

மழவராயர் மட்டும், "எனக்குத் தெரியவில்லை, அரசே" என்றார்.

"பார்த்தீர்களா, விசுவாசம் இல்லாத கண்" என்றார் பஞ்சநதி.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளை மாலையும் தெரியாவிட்டால் அந்தக் கண் உமக்கு எதற்கு, அமைச்சரே? பிடுங்கிவிடச் சொல்கிறேன்."

வீட்டுக்குப் போன மழவராயருக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துதான் போனார். பொய் சொன்னால் கண் தப்பும். ஆனால் இன்றைக்கு நட்சத்திரத்துக்குத் தலையாட்டினால், நாளைக்குச் சோதிடர் கைகாட்டும் ஆளையெல்லாம் ராஜத்துரோகி என்று சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் மாலை, காய்ச்சிய கம்பியோடு சேவகன் ஒருவன் தயாராக நின்றான். மழவராயர் நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"இப்போது தெரிகிறது, அரசே. நேற்று கண்ணில் தூசி போலிருக்கிறது. அடடா, அதன் பின்னால் தங்கள் வெற்றிக்கொடி போல வெள்ளையாக, நீளமாக ஒன்று பறக்கிறதே. சோதிடர் அதைச் சொல்லவே இல்லையே."

பஞ்சநதிக்குப் பொறுக்கவில்லை. அமைச்சர் தன்னைவிடக் கூடுதலாகப் பார்ப்பதாவது? "கொடியை முதலில் பார்த்தவனே நான்தான். நேற்று ஒரு முழம் இருந்தது. இன்றைக்கு இரண்டு முழம்."

"மூன்று" என்றார் தளபதி.

"நாளுக்கு நாள் வளர்கிறதா, சோதிடரே?" என்று கேட்டார் மழவராயர்.

"வளராமல்? அரசருடைய புகழ் அல்லவா?"

"எனக்கு ஒரு சந்தேகம். நட்சத்திரத்துக்குப் பின்னால் நீளமாக வளர்வதை உங்கள் சாத்திரத்தில் கொடி என்பார்களா, வால் என்பார்களா?"

வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவின் உயிருக்கு ஆகாது என்பது அந்த நாட்டில் ஆடு மேய்ப்பவனுக்குக்கூடத் தெரியும். ராஜாவின் கை தானாகக் கழுத்தைத் தடவியது.

"சொல்லும், பஞ்சநதி. எனக்குச் சாவு வரப்போகிறதா?"

சோதிடர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வால் இல்லை, அரசே. வந்து... நட்சத்திரமே இல்லை."

"அப்படியானால் நான் பார்த்தது?" ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"நேற்று நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். தாங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. பிறகு வெட்கத்தை மறைக்கச் சிரித்தார். தன் சால்வையைக் கழற்றி மழவராயருக்குப் போர்த்தினார். பனிக்காலம் முடியும்வரை மாலைதோறும் சந்தைத் திடலில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையில் உள்ள நட்சத்திரங்களை மட்டும் காட்ட வேண்டும் என்று சோதிடருக்கு உத்தரவிட்டார். சால்வை இல்லாமல்.

"வானத்தில் வால் இல்லை" என்றபடி படி இறங்கினார் ராஜா. "என் சபையில்தான் வால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்."

"அருமையாகச் சொன்னீர்கள், அரசே" என்றார் தளபதி.