ஒரே கூடை, ஒரே நோய்

மொச்சைக்குளத்தில் கடலைக் கிடங்கு வைத்திருந்த கொண்டல்சாமி, பூவலிங்கம், சடையன் மூவருக்கும் சேர்த்து அறிவு ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவர்களுடைய பூனை மிளகிடம் இருந்தது.

மிளகுக்குத் தடுப்பூசி போட்ட அன்று கால்நடை டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: "பூனை வலியை வெளியே காட்டாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தாலோ, மூலையில போய் ஒளிஞ்சாலோ உடனே கொண்டு வாங்க."

மூவரும் அதைக் கிடங்குச் சுவரில் கரியால் எழுதிவைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மிளகு மீனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மெல்ல நடந்து மூலையில் போய்ச் சுருண்டது.

"ஐயோ, மூலை!" என்றான் சடையன்.

"பதறாதேடா. மூலையே இல்லாம பண்ணிடலாம்," என்றான் பூவலிங்கம்.

நான்கு மூலைகளிலும் கடலை மூட்டைகளை அடுக்கினார்கள். போக இடமில்லாத மிளகு நடுவில் படுத்தது.

"பாதி குணம்," என்றான் பூவலிங்கம்.

கொண்டல்சாமிக்கு மனசு கேட்கவில்லை. மிளகு தேறும்வரை எதையும் வாயில் வைப்பதில்லை என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான்.

மறுநாள் காலை சுவரைப் படித்தார்கள்.

"ஒரு நாள் ஆச்சு. மிளகு சாப்பிடலை. கூடையை எடு," என்றான் பூவலிங்கம்.

"கொண்டலும்தான் சாப்பிடலை," என்றான் சடையன்.

"ஆமால்ல! ஆனா கூடை ஒண்ணுதானே இருக்கு?"

வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் கடலை அள்ளும் பெரிய கூடையில் கொண்டல்சாமியை உட்காரவைத்து, மடியில் மிளகை வைத்து, கம்பில் கட்டித் தூக்கிப் போனார்கள்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டு பேருக்கும்மா. ஒரே நோய்."

டாக்டரம்மா மிளகின் வாயைத் திறந்து பார்த்தார். ஈறில் மீன்முள் குத்தி வீங்கியிருந்தது. முள்ளை எடுத்து ஊசி போட்டார்.

"இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பிழைச்சிருக்காது. ஒளிஞ்சப்பவே வந்திருக்கணும். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் மீன் வைங்க. சாப்பிட்டா பயமில்லை. முகத்தைத் திருப்பினா யோசிக்காம திரும்பி வாங்க."

வீட்டில் இரண்டு தட்டில் மீன் வைத்தார்கள். மிளகு தன் தட்டை நக்கியே துடைத்துவிட்டது.

கொண்டல்சாமி மீனை முகர்ந்து பார்த்தான். "இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூவலிங்கமும் சடையனும் கம்பை எடுத்தார்கள். கொண்டல்சாமி தானாகவே எழுந்து போய்க் கூடைக்குள் உட்கார்ந்தான்.

"நல்லவேளைடா," என்றான், "இந்தத் தடவை சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு."