பவளக்கொடி அக்காளின் கிரைண்டர்

மந்தைக்குளத்தில் யாரையும் தனியாக முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே எல்லாருக்கும் புத்தி ஒரே அளவுதான்.

அந்த ஊருக்கு இருந்தது ஒரே இட்லிக் கடை. பவளக்கொடி அக்காள் நடத்தி வந்தாள். அவளுடைய கிரைண்டர் புகைந்து போனதிலிருந்து கடை மூடிக் கிடந்தது. ஊரே காலையில் வெறும் வயிற்றோடு அலைந்தது. பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்போதுதான் ஒரு டிவியில் சொல் விளையாட்டு ஒன்று வந்தது. அட்டையில் இருக்கும் சொல்லை நடிகர் ஒருவர் பார்த்துக்கொள்வார். அதை வாயால் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுப்பார். கூட ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தில் மூன்று சரியென்றால் கிரைண்டர் பரிசு. ஊர் சார்பில் ஒச்சப்பன், சங்கிலி, மொக்கையன் மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

போன இடத்தில் மேக்கப் போடுகிறவர் மொக்கையனிடம் அசையாமல் உட்காரச் சொன்னார். பிறகு எழுந்திருக்கச் சொல்ல மறந்துவிட்டார். மொக்கையனை நாற்காலியோடு தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள்.

ஒச்சப்பனுக்கு ஜோடியாக வந்தவர் நடிகர் ருத்ரகுமார். சீரியலில் மருமகளுக்குப் பாலில் விஷம் வைத்த மாமனார் அவர்தான். நேரில் தங்கமான மனிதர். ஆனால் மூவருக்கும் சீரியலும் நிஜமும் ஒன்றுதான்.

முதல் சொல் மழை. "வானத்துலருந்து விழும், நனைஞ்சிருவோம்" என்றார் நடிகர்.

ஒச்சப்பன் சங்கிலியைப் பார்த்தான். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து யோசித்தார்கள்.

"மழைன்னு தோணுது மாப்ள" என்றான் ஒச்சப்பன்.

"சொல்றது யாரு? இந்தாளு என்னைக்கு உண்மை பேசியிருக்கான்? மாத்திச் சொல்லு."

ஒச்சப்பன் வெயில் என்றான். தப்பு.

அடுத்தது பால். பசு கொடுப்பது, குடிக்கலாம் என்றார் நடிகர். "நான் குடிக்க மாட்டேன்" என்றான் ஒச்சப்பன். அதுவும் தப்பு.

இடைவேளையில் நடிகர் தலையில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கினார். இட்லி இல்லாத ஊரை நினைத்து அவருக்கே மனசு இளகிவிட்டது. பொய்யனாகவே இருந்து இவர்களை ஜெயிக்க வைப்பது என்று முடிவு செய்தார்.

மூன்றாவது சொல் யானை. எறும்பை விடச் சின்னது, தும்பிக்கையே கிடையாது என்றார். "யானை" என்றான் ஒச்சப்பன். நான்காவது ஐஸ். தொட்டால் சுடும் என்றார். அதுவும் சரி.

கடைசிச் சொல்லின் அட்டையைப் பார்த்ததும் நடிகருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இட்லி!

"கன்னங்கரேல்னு இருக்கும். கல்லு மாதிரி கெட்டி. கடிச்சா பல்லு போயிரும்" என்றார்.

ஒச்சப்பன் வாயைத் திறப்பதற்குள், அதுவரை உதடுகூட அசைக்காத மொக்கையன் பேசினான். "பொறு மாமா. நேத்து சீரியல்ல இவரு மருமக கால்ல விழுந்து அழுதாரு. திருந்திட்டாரு."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். திருந்திய மனிதர் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் கறுப்பு கறுப்புதான், கல் கல்லுதான். நடிகர் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க பவளக்கொடி அக்கா சுடுற இட்லிதான்" என்றான் ஒச்சப்பன்.

மூவரும் பிறந்ததிலிருந்து வேறு இட்லியைக் கண்டதில்லை. அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மணி அடித்தது, கிரைண்டர் கிடைத்தது. நடிகர் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று போய்விட்டார். அத்தோடு நிகழ்ச்சியும் நின்றது.

ஊருக்கு வந்தால் பவளக்கொடி அக்காள் கடை வாசலில் நின்றாள். நிகழ்ச்சியை டிவியில் நேரலையாக அவளும் பார்த்திருந்தாள். "கல்லு தின்னுறவங்களுக்கு நான் எதுக்கு?" என்று கடையைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஊர் கூடிப் பேசியது. யாருக்கும் இட்லி சுடத் தெரியாது. ஆனால் கிரைண்டர் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று முடிவானது.

இப்போது தினமும் காலையில் கிரைண்டரைச் சும்மா ஓடவிட்டு, ஊரே சுற்றி உட்கார்ந்து தேங்காய்ச் சட்னியை மட்டும் தொட்டு நக்குகிறது. நேற்று ஒச்சப்பன் முகம் சுளித்தான். இட்லி இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கலாமே என்றான்.

"அரைச்சது பத்தல" என்று சங்கிலி எழுந்துபோய் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டான்.