ஃபேன் மாற்றிய பிறகும் கேட்ட சத்தம்

கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே ஜனங்கள் மனுவோடு காத்துக் கிடப்பார்கள். டைப்பிஸ்ட் பொற்கொடியின் கம்ப்யூட்டரோ, பவர் சப்ளை ஃபேன் கெட்டுப்போய் மாவு மில்லாக இரைந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் அவர் சீறினார். “இந்தச் சத்தத்தாலதான் சங்கத்துல ஒரு வேலையும் ஓடலை. மத்தியானத்துக்குள்ள நிறுத்து. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!”

பொற்கொடி உடனே மெக்கானிக்கை வரவழைத்துப் புது ஃபேன் மாட்டினாள். கம்ப்யூட்டர் பூனை மாதிரி அடங்கிவிட்டது.

அன்று மத்தியானம் பார்த்து, மனுக்கள் தேங்கிக் கிடக்கும் புகாரை விசாரிக்க மேலதிகாரி வந்து நின்றார். “கர்ர்... கர்ர்...” என்று கூடம் அதிர்ந்தது.

“என்னம்மா இது? கம்ப்யூட்டரை முதல்ல நிறுத்து!”

பொற்கொடி பவ்யமாக ஸ்விட்சை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

“என் பங்குச் சத்தத்தை நிறுத்திட்டேங்க ஐயா. மிச்சத்தை நிறுத்தணும்னா செயலாளரை எழுப்பணும். எனக்கு அந்த அதிகாரம் இல்லீங்க.”

மேலதிகாரி கதவைப் படாரென்று திறந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த ஞானசிகாமணி கண்ணைத் திறக்காமலே முகம் மலர்ந்தார்.

“சபாஷ் பொற்கொடி! சத்தம் சுத்தமா நின்னுடுச்சே!”