மூன்று விரல்

லோகிதனை ஆட்டத்துக்குள் திருப்பி அனுப்பியது பிழை. அனுப்பியவன் புவனேந்திரன், கண்டியில் ஒரு சின்ன ரக்பி அணியின் கோச்.

தலையில் அடிபட்டு விழுந்தவனின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினான்.

"எத்தனை?"

"மூன்று" என்றான் லோகிதன்.

விடை சரி. உள்ளே போனான். பத்து நிமிடத்தில் மறுபடி அடி. இப்போது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பெற்ற மகளைக் காட்டி, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறான்.

அது ஜூலையில். ஆகஸ்டில் இன்னொருவன் விழுந்தான். அதே கேள்வி, அதே விடை. ஆட்டம் நடக்கட்டும் என்று புவனேந்திரன் கையசைத்தான்.

ஆனால் ஸ்க்ரம் கூடவில்லை. எட்டுப் பேர் தோள் கோர்த்து எதிரணி எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர்; அடிபட்டவன் அதில் ஓர் ஓரத்து ஆள். நடு ஆள் இரண்டு பக்கத்து ஆளையும் சுற்றிப் பிடிக்க வேண்டும்; அவர்கள் அவன் முதுகைப் பிடிக்க வேண்டும். அந்த நடு ஆள் ஒருமுறை கோர்த்தான். உடனே உருவிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏன்டா கோர்க்கல்ல?" என்று புவனேந்திரன் கோட்டுக்கு வெளியே இருந்து கத்தினான்.

"இவன் கை என் முதுகுல பிடிக்கல்ல, கோச். லோகிதன் கையும் அன்னைக்குப் பிடிக்கல்ல."

ரெஃப்ரி எச்சரித்தார். அவன் கேட்கவில்லை. அடிபட்டவனை இடுப்போடு தாங்கிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தான். மாற்று ஆள் கிடையாது. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

நான்காம் நாள் புவனேந்திரன் ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அருளானந்தம் மாஸ்டர் வீட்டுக்குப் போனான். அவனைப் பதினான்கு வருடம் முன்வரிசையில் ஆட வைத்தவர். கோப்பை வாங்க வைத்தவர். பேச்சில் கஞ்சம், ஏச்சில் தாராளம்.

"காலைத் துடைச்சிட்டு வா. எருமை மாதிரி மிதிக்காதே."

புவனேந்திரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. துடைத்துவிட்டு வந்தான்.

"என்ன பிழை செஞ்சேன், மாஸ்டர்? நீங்க காட்டின மாதிரிதான் காட்டினேன். லோகிதனும் சரியாச் சொன்னான். பிறகுதானே அனுப்பினேன்? மூணு தரம் அவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ளே போகக் கால் வரல்ல."

"பையில என்ன கடுதாசி?"

"ஒருத்தனை நீக்கச் சொல்லி. நீங்க சரின்னா இன்னைக்கே கமிட்டிக்குக் கொடுத்திருவேன்."

"யாரை?"

"ஸ்க்ரம்ல கை கோர்க்காம என்னை மானங்கெடுத்தினவனை. பேரைச் சொல்லவும் வாய் வரல்ல."

மாஸ்டர் எழுந்து பின்பக்கம் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. ஈரக் கையைத் துவாயால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். எதிரே வந்து நின்று, மைதானத்துக் குரலில் கேட்டார்.

"எத்தனை விரல்?"

"மூன்று, மாஸ்டர்!"

சொன்ன பிறகுதான் புவனேந்திரன் பார்த்தான். கை துவாய்க்குள் இருந்தது.

மாஸ்டர் துவாயை உருவினார். கை மூடிக் கிடந்தது.

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது.

"நீங்க எப்பவும் மூன்றுதானே காட்டுவீங்க" என்றான் புவனேந்திரன்.

"நீ?"

ஒன்பது வருடக் கோச் வேலையை அவன் நினைத்துப் பார்த்தான்.

"மூன்று."

"உன் ஆளுங்களுக்கு அது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குக் காட்டினவனும் மூன்றுதான் காட்டினான்" என்றார் மாஸ்டர். "நாசமாப் போனவன்."

உட்கார்ந்தார். துவாயை மடித்தார். பிரித்தார்.

"கோப்பை வாங்கின ஆட்டம். தலையில அடிபட்டு விழுந்தியே. மூன்றுன்னே. உள்ளே அனுப்பினேன். பிறகு என்ன நடந்திச்சு?"

"ஜெயிச்சோம்."

"கடைசியா ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தை வச்சது யாரு?"

புவனேந்திரன் அன்றைய ஆட்களை விரல் விட்டு எண்ணினான். பாதியில் நிறுத்தினான்.

"ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"படம் இருக்கு, மாஸ்டர். கோப்பை என் கையில இருக்கிற மாதிரி."

மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"லோகிதன் தேறுவானா, மாஸ்டர்?"

"மாட்டான்."

"இனி மாத்தி மாத்திக் காட்டுறேன். ஒண்ணு, அஞ்சு, ரெண்டு..."

"காட்டு. ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு நீ நிக்கிறே. வெளியே போகக் கூடாதுன்னு அடிபட்டவன் நிக்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினா மூன்றுதான் வரும்."

"அப்ப நான் எதுக்கு?"



"அன்னைக்கு விழுந்த ரெண்டாவது ஆள் எங்கே?"

"ஆஸ்பத்திரியில கிடந்தான். மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்திச்சாம். இன்னும் ஒரு அடி விழுந்திருந்தா... நேத்து வீட்டுக்கு வந்துட்டான்."

"பெத்த பிள்ளையை அடையாளம் தெரியுதா?"

"தெரியுது. பேர் சொல்லிக் கூப்பிட்டான்."

"அவனை வெளியே கொண்டுபோனது நீயா?"

"இல்லை."

"நானா?"

புவனேந்திரனின் கை சட்டைப் பைக்குப் போனது.

"கடுதாசியை எடு."

எடுத்தான்.

"எழுதத் தெரிஞ்சிருக்கில்ல? வாசி."

"முழுசுமா, மாஸ்டர்?"

"பேரை மட்டும்."

அவன் கடிதத்தைப் பிரித்தான். தன் கையெழுத்தைத் தானே புதிதாகப் பார்ப்பவன் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முணுமுணுத்தான்.

"மழையில கேக்கல்ல" என்றார் மாஸ்டர். "சத்தமா."

"இக்னேஷியஸ்."